சித்திரத் திரைப்படங்களும் இழப்பெனும் பாடமும்

சிறுவர்க்குரியவை என்று நாம் ஒதுக்கிவைத்துவிட்ட கலைகளுள் சித்திரத் திரைப்படமும் ஒன்று. வீட்டுவேலை நடைபெறும் வேளையிற் பிள்ளைகளை ஓரிடத்தில் அமர்த்திவைப்பதற்கு உதவும் கருவியாகவே பெற்றோர் பலர் அதனைக் கருதுகின்றனர். நாவலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் கருத்தரங்குகளில் மணிக்கணக்காக வாதிடும் நாமோ, பேசும் மீனையும் பறக்கும் வீட்டையும் பற்றி வாய்திறப்பது நமது கல்விக்கு இழுக்கு என்பதுபோல் நடந்துகொள்கின்றோம். ஆயினும் குடும்பத்துப் பிள்ளைகளோடு கூடியிருந்து இப்படங்களைப் பார்த்துவந்த எனக்கு, வாழ்க்கை பற்றிய பாடமொன்றை இவை மிகத் தெளிவாகச் சொல்கின்றன என்ற எண்ணம் நாளடைவில் உறுதிப்பட்டுள்ளது. அவ்வெண்ணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்திரப் படங்கள் புகட்டும் பாடங்கள் யாவை என வினவினால் பெரும்பாலோர் ஒரு பட்டியலைத் தருவர். பொய் சொல்லலாகாது என்பதைப் ‘பினோக்கியோ’ (1940) சொல்கிறது. பிறர் நகைக்கும் குறையே ஒருவரின் ஆற்றலாக மாறலாம் என்பதை ‘டம்போ’ (1941) சொல்கிறது. புறத்தோற்றத்தைக் கொண்டு எவரையும் மதிப்பிடலாகாது என்பதை ‘அழகியும் மிருகமும்’ (1991) சொல்கிறது. இவை தவறான விடைகள் அல்ல. ஆனால் இப்பாடங்களைக் கற்பதற்குத் திரைப்படம் வேண்டியதில்லை. நமது நீதிநூல்கள் இவற்றை ஒற்றை வரிகளிற் சொல்லிவைத்துள்ளன. பாலர் வகுப்பிலேயே அவற்றை மனனஞ் செய்தும் இருக்கின்றோம்.

மனனஞ் செய்து கற்க இயலாத பாடமொன்று உண்டு. நாம் நேசிக்கும் ஒருவர் இல்லாமற் போனால், எஞ்சியிருப்போர் எவ்வாறு வாழ்வது என்பதே அது. பள்ளிக்கூடப் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. வீட்டிலும் அதைப் பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாறாக, அதனை அவர்களிடமிருந்து மறைப்பதே அன்பு என்று நாம் நம்புகின்றோம். சிறுவர்க்கெனச் செய்யப்பட்ட சித்திரப் படங்களுட் சிறந்தவை இதனை மறைப்பதில்லை என்பது வியப்புக்குரியது. முதியவர்கள் சொல்லத் தயங்குவதை அவை பிள்ளைகளின் முகத்தை நேரே நோக்கிச் சொல்கின்றன.

*

இதனைப் புரிந்துகொள்வதற்கு இக்கலையின் இயல்பொன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். சாதாரணத் திரைப்படத்திற் கமராவுக்கு முன்னால் தற்செயலாகச் சில நிகழலாம். காற்று அடிக்கும்; ஒரு பறவை குறுக்கே பறக்கும்; நடிகரின் கண் எதிர்பாராது கலங்கும். சித்திரப் படத்திலோ அத்தகைய தற்செயல் எதற்கும் இடமில்லை. ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் என ஓடும் படத்தில், ஓர் இலை விழுவதாயினும் அதை ஒருவர் இருந்து வரையவேண்டும். எனவே அங்கு ஒரு காட்சி மௌனமாக அமைந்தால் அந்த மௌனமும் எண்ணித் துணிந்து வைக்கப்பட்டதே. ஒன்று காட்டப்படவில்லையெனில், காட்டவேண்டாம் என எவரோ முடிவுசெய்திருக்கின்றார்.

‘பம்பி’ என்னும் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வியன்னா நகரத்து எழுத்தாளர் பீலிக்ஸ் சால்ற்றன் எழுதி 1923 இல் நூலாக வெளிவந்த கதையைத் தழுவி, வோல்ற் டிஸ்னியின் கலைக்கூடம் 1942 இல் அதனை வெளியிட்டது. குளிர்காலத்தின் முடிவில் முதற்புல் முளைத்திருக்கும் வெளியிலே தாய்மானும் கன்றும் மேய்கின்றன. தாய் தலை நிமிர்த்துகின்றது. ஓடு என்கிறது. இரண்டும் ஓடுகின்றன. துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்கிறது. கன்று புதரினுள் வந்து சேர்ந்து, தப்பிவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்க்கின்றது. பின்னால் எவருமில்லை. பனி பொழியத் தொடங்குகிறது. கன்று தாயை அழைத்துக்கொண்டு மரங்களுக்கிடையே நடக்கின்றது.

தாயின் உடலை நாம் காண்பதில்லை. சுட்ட மனிதனையும் காண்பதில்லை. படம் முழுவதிலும் மனிதன் ஒருமுறையேனும் திரையில் தோன்றுவதில்லை. நாம் காண்பது வெறுமையை மட்டுமே. ஒரு குழந்தையின் கண்ணில் மரணம் என்பது உண்மையில் அவ்வாறே தோன்றும். அது இரத்தமும் உடலும் அன்று. அழைத்தவுடன் வரவேண்டியவர் வராமையே அக்குழந்தைக்கு மரணம். பின்னர் பெரிய கலைமான் வந்து, தாய் இனி உன்னோடு இருக்கமாட்டாள் எனச் சொல்லிக் கன்றைத் தன்னோடு வரும்படி அழைக்கின்றது. ஆறுதல் மொழி எதுவுமில்லை. உண்மை ஒன்றும், உடன் நடக்க ஒருவரும் மட்டுமே.

அக்காட்டின் தோற்றத்துக்கு வழிகாட்டிய ஓவியர் ரைறஸ் வொங் என்பவர். 1910 இற் சீனாவிற் பிறந்த அவர், பத்து வயதளவில் தந்தையோடு அமெரிக்கா சென்றார். சீனாவில் விட்டுப் பிரிந்த தாயை அதன்பின் அவர் என்றுமே காணவில்லை. பழைய சீன ஓவிய மரபைப் பின்பற்றி, இலைகளையும் கிளைகளையும் ஒவ்வொன்றாக வரையாது, மூடுபனியினூடே காடு புலப்படுமாறு அவர் தீட்டிய ஓவியங்களே படத்தின் பின்னணிகளுக்கு அடிப்படையாயின. தாயைப் பிரிந்த ஒருவர் கற்பனைசெய்த காட்டிலே ஒரு கன்று தாயைத் தேடி நடந்தது என்பதை அறிந்தபின் அக்காட்சியை இலேசாகக் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை.

*

‘பம்பி’ இழப்பின் கணத்தைக் காட்டுகின்றது. இழப்புக்குப் பிந்திய நீண்ட காலத்தைக் காட்டுவது ‘அப்’ என்னும் படம். பிக்ஸார் நிறுவனத்துக்காகப் பீற் டொக்ரர் நெறிப்படுத்திய இப்படம், 2009 ஆம் ஆண்டின் கான் திரைப்பட விழாவைத் தொடக்கிவைத்தது. சித்திரப் படமொன்று அவ்விழாவின் தொடக்கப் படமாக அமைந்தது அதுவே முதன்முறை.

படத்தின் முற்பகுதியில் ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. இசை மட்டும் ஒலிக்கின்றது. கார்ள், எலி என்னும் இருவரும் மணம் முடிக்கின்றனர். ஒரு பழைய வீட்டைச் செப்பனிடுகின்றனர். குழந்தைக்காக அறையொன்றை அலங்கரிக்கின்றனர். குழந்தை இல்லை என்றாகின்றது. தூரத்து நீர்வீழ்ச்சியொன்றைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு சாடியிற் காசு சேர்க்கின்றனர். வாகனச் சில்லு பழுதாகும்போதும், கால் முறியும்போதும், கூரை உடையும்போதும் அச்சாடி உடைபடுகின்றது. தலை நரைக்கின்றது. எலி நோயுற்று இறக்கின்றாள். கார்ள் தனியே வீட்டுக்குத் திரும்புகின்றார்.

பிற்பகுதியில், ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி அவ்வீட்டையே பறக்கவைத்து, மனைவி காண விரும்பிய நீர்வீழ்ச்சிக்கு அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றார் கார்ள். சேர்த்தபின்னரும் மனம் நிறையவில்லை. மனைவியின் பழைய கொப்பியைப் புரட்டுகின்றார். நிறைவேறாக் கனவுகளுக்கென விடப்பட்டிருந்ததாக அவர் எண்ணிய பக்கங்களில், தம் இல்வாழ்க்கையின் சிறு நிழற்படங்களை அவள் ஒட்டிவைத்திருக்கக் காண்கின்றார். அவள் தேடிய வாழ்வை அவள் வாழ்ந்தே முடித்திருந்தாள். இதற்கிடையே, கார்ளோடு வந்த சிறுவன் ஆபத்திற் சிக்குகின்றான். அவனைக் காக்க வீடு மீண்டும் எழவேண்டும். ஆனால் பலூன்கள் குறைந்துவிட்டன, பாரம் மிகுதி. அப்போது கார்ள் தளபாடங்களையும் படங்களையும் ஒவ்வொன்றாக வெளியே வீசுகின்றார். அவருடைய கதிரையும் அவளுடைய கதிரையும் மலைமேல் அருகருகே விடப்படுகின்றன. வீடு எழுகின்றது.

இறந்தவரை மறப்பது வேறு. இறந்தவரின் பாரத்தை இறக்கிவைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பாரத்தை இறக்கினாலே துரோகமாகிவிடும் என அஞ்சி வாழ்நாள் முழுவதும் சுமப்போர் நம்மிடையே பலர். இவ்வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்குமாறு, பறக்கமாட்டாத ஒரு வீட்டைக் கொண்டு இப்படம் காட்டிவிடுகின்றது.

*

ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் என நான் கூறுவதற்குக் காரணமுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது தாயார் காலமானார். தமக்கையின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளை அவள். நமது வீடுகளில் வழக்கமாக நடப்பதுபோலவே, செத்தவீட்டு நாளில் அவளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அம்மம்மா கொழும்புக்கு மருந்தெடுக்கப் போயிருக்கிறா எனப் பெரியவர்கள் சொல்லிவைத்தனர். பிள்ளையும் அதனைக் கேட்டுக்கொண்டாள். ஒரு மாதத்துக்கு மேலாக அவள் எதையும் கேட்கவில்லை. தமக்கையும் அவள் முன்னிலையில் அழவில்லை. வீட்டில் எல்லோரும் அம்மாவின் பெயரைச் சொல்லாமலே பேசப் பழகிக்கொண்டோம்.

ஒரு விடுமுறை நாளிற் பிள்ளை ‘அப்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமக்கையும் நானும் அருகில் இருந்தோம். கார்ள் கையில் ஒற்றைப் பலூனோடு இருண்ட வீட்டுக்குள் நுழையும் காட்சி வந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “அம்மம்மாவும் இப்பிடித்தானே போனவா? இனி வரமாட்டாதானே?”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் தமக்கை சொன்னார்: “ஓம் குஞ்சு, இனி வரமாட்டா.” சொல்லிவிட்டு அழுதார். பிள்ளை அவர் மடியிற் தலையை வைத்துக்கொண்டு தானும் அழுதாள். அது நெடுநேரம் நீடித்ததாக எனக்கு நினைவு. இறுதியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மிச்சப் படத்தையும் பாப்பம்” என்றாள். அன்றிலிருந்து அம்மம்மாவைப் பற்றிப் பேசுவது எங்கள் வீட்டில் மீண்டும் இயல்பாயிற்று.

படத்தில் மரணம் என்ற சொல் அவ்விடத்தில் வரவில்லை. எவரும் எதையும் விளக்கவுமில்லை. ஆயினும் அப்பிள்ளைக்குத் தான் ஏற்கெனவே அறிந்திருந்ததைச் சொல்வதற்கு ஒரு மொழி கிடைத்தது. குழந்தைகளிடமிருந்து நாம் மறைப்பது பெரும்பாலும் இழப்பை அன்று. அதைப் பற்றிப் பேசும் உரிமையையே மறைக்கின்றோம்.

இக்கருத்தை யப்பானியப் படமொன்று அன்றே சொல்லியிருப்பதைப் பின்னர் கண்டேன். ‘மின்மினிகளின் கல்லறை’ என்பது அதன் பெயர். நொசாக்கா அக்கியுக்கி 1967 இல் எழுதிய கதையைத் தழுவித் தக்காஹத்தா இசாஓ இதனை நெறிப்படுத்தினார். நொசாக்கா தம் சிறு தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். தக்காஹத்தாவும் 1945 இல், ஒன்பது வயதில், ஒக்காயாமா நகர்மீது நடந்த விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்பியவர்.

கோபே நகர் எரிகின்றது. செய்த்தா என்னும் சிறுவனின் தாய் தீக்காயங்களால் இறக்கின்றாள். நான்கு வயதுத் தங்கை செற்சுக்கோவிடம் அவன் அதனைச் சொல்வதில்லை. அம்மா வைத்தியசாலையில் இருப்பதாகவே சொல்லிவருகின்றான். ஓரிரவு இருவரும் மின்மினிகளைப் பிடித்து நுளம்பு வலைக்குள் விட்டு மகிழ்கின்றனர். காலையில் அவை இறந்து கிடக்கின்றன. தங்கை குழிதோண்டி அவற்றைப் புதைக்கின்றாள். என்ன செய்கிறாய் என அண்ணன் கேட்க, அம்மாவும் இப்படித்தான் கல்லறையில் இருக்கின்றா எனத் தலை நிமிராமலே சொல்கின்றாள். மாமி சொல்லி அவள் எப்போதோ அறிந்திருந்தாள். அதுவரை அழாதிருந்த அண்ணன் அப்போதே அழுகின்றான்.

இப்படம் 1988 ஏப்பிரல் 16 ஆம் திகதி, மியசாக்கி ஹயாஓவின் ‘என் அயலவர் டொட்டோரோ’ என்னும் படத்தோடு இணைந்து ஒரே காட்சியாகத் திரையிடப்பட்டது. இரண்டும் ஜிப்லி கலைக்கூடத்தின் ஆக்கங்கள். இரண்டிலும் இரு பிள்ளைகள். இரண்டிலும் அருகில் இல்லாத தாய். மியசாக்கியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தவர். ‘டொட்டோரோ’வில் வரும் தாய் வைத்தியசாலையில் இருக்கின்றார், தந்தை பல்கலைக்கழகத்திற் கற்பிப்பவர், மூத்தவள் சற்சுக்கி சமையலும் தங்கையின் பராமரிப்புமாகப் பெரியவளைப் போல் நடந்துகொள்கின்றாள். வைத்தியசாலையிலிருந்து தந்தி வந்த நாளில் அவளது துணிவு உடைகின்றது. அயல்வீட்டுப் பாட்டியின் முன் நின்று, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது எனக் கதறி அழுகின்றாள். அழும் அக்காவைப் பார்த்த சின்னவள் மேய், சோளப்பொத்தி ஒன்றை அணைத்துக்கொண்டு தாயைத் தேடித் தனியே புறப்படுகின்றாள்.

காட்டின் காவலனாகிய டொட்டோரோ என்னும் பெரிய உயிர், தாயின் நோயைத் தீர்த்துவைப்பதில்லை. காணாமற்போன தங்கையைத் தேடிக் கண்டடைய ஓர் ஊர்தியை மட்டுமே அனுப்புகின்றது. கதை முடியும்போதும் தாய் வைத்தியசாலையிலேயே இருக்கின்றார். இறுதிப் பெயர்ப்பட்டியலோடு வரும் சித்திரங்களிலேதான் அவர் வீடு திரும்பக் காண்கின்றோம். வேண்டியது நடக்கும் எனப் படம் வாக்களிக்கவில்லை. நீ அஞ்சுவது நியாயம். ஆயினும் நீ தனியாக இல்லை என்பதே அது சொல்வது.

இவ்விரு படங்களையும் பார்க்கும் நமது நாட்டு வாசகர்க்கு விரிவுரை எதுவும் தேவையில்லை. இடம்பெயர்வும் பதுங்குகுழியும் உணவுக்கான வரிசையும் நம்மிற் பலருக்குத் திரையில் மட்டும் கண்டவை அல்ல. செற்சுக்கோவின் மிட்டாய்த் தகரத்தைக் கண்டு நம்மிற் சிலர் எழுந்து வெளியே போய்விடுவதன் காரணமும் அதுவே.

*

இழப்பை மறைக்காதிருத்தல் முதற்படி. மறைக்காத பின்னர் என்ன செய்வது என்பது அடுத்த வினா. இதற்கு ‘இன்சைட் அவுட்’ (2015) என்னும் படம் விடையளிக்கின்றது. பதினொரு வயதுச் சிறுமி றைலியின் உள்ளத்தில் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வெறுப்பு என்னும் ஐந்து உணர்வுகளும் ஐந்து பாத்திரங்களாக உலவுகின்றன. உளவியலாளர்களான போல் எக்மன், டாக்கர் கெல்ற்னர் ஆகியோரின் ஆலோசனை பெற்று அமைக்கப்பட்ட கதை இது. குடும்பம் மினசோட்டாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்கின்றது. எல்லாவற்றையும் நன்றாக வைத்திருக்க முயலும் மகிழ்ச்சி, துயரத்தை எதையும் தொடவிடுவதில்லை. நிலத்தில் வட்டமொன்றைக் கீறி, அதற்குள்ளேயே நிற்கும்படி துயரத்திடம் சொல்கின்றது.

இடையில் ஒரு சிறு காட்சி வருகின்றது. றைலியின் மழலைப் பருவத்துக் கற்பனைத் தோழன் பிங் பொங், தன் விளையாட்டு வண்டியைப் பறிகொடுத்து இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகின்றான். மகிழ்ச்சி அவனைச் சிரிக்கவைக்கப் பார்க்கின்றது, விளையாட்டுக் காட்டுகின்றது, எழுந்து வா என இழுக்கின்றது. எதுவும் பயனளிக்கவில்லை. துயரம் போய் அவனருகே உட்காருகின்றது. நீ நேசித்த ஒன்று போய்விட்டது என ஒப்புக்கொள்கின்றது. அவன் தன் வண்டியைப் பற்றிப் பேசுகின்றான், அழுகின்றான், பின்னர் தானாகவே எழுந்து நடக்கின்றான்.

பல்கலைக்கழக விடுதிகளில் வாழ்ந்தோர் யாவரும் இதனை அறிவர். தந்தை இறந்த செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட நண்பனின் அறைக்குள் நாம் நுழைகின்றோம். என்ன சொல்வதென்று தெரியாமல், மனத்தைத் தேற்றிக்கொள், எல்லாம் சரிவரும் என்று ஏதோ சொல்கின்றோம். அவனுக்குப் பின்னாளில் நினைவில் நிற்பவன் அவ்வாறு சொன்னவன் அல்லன். இரவு பஸ் வரும்வரை கட்டிலின் ஓரத்திற் பேசாமல் உட்கார்ந்திருந்தவனே. நமது ஊர்களிற் செத்தவீட்டுக்குச் சென்று, பந்தலின்கீழ் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் அமர்ந்திருந்து திரும்பும் முதியவர்களுக்கும் இவ்வறிவு உண்டு. அவர்கள் அமைதியாகச் செய்துவந்ததைப் படம் ஒரு சிறு காட்சியிற் கண்முன் நிறுத்துகின்றது.

இழந்தவரின் துயரைப் போலவே, மேலும் இழக்க அஞ்சுபவரின் துயரும் கவனிக்கத்தக்கது. ‘பைண்டிங் நீமோ’ (2003) அதனைக் கூறுகின்றது. மார்லின் என்னும் மீன் தன் துணையையும் முட்டைகள் அனைத்தையும் பறிகொடுத்து, எஞ்சிய ஒரே குஞ்சுக்கு ஒன்றும் நேரவிடமாட்டேன் என உறுதியெடுக்கின்றது. அவ்வுறுதியே பின்னர் குஞ்சுக்குச் சிறையாகின்றது. ஒன்றுமே நேராவிட்டால் அவனுக்கு வாழ்வில் ஒன்றுமே நடவாதே என மறதிக்காரியான டோறி சொல்வது, நகைச்சுவையாகத் தோன்றினும் படத்தின் உயிர்நிலை அதுவே. இறுதியில், மீனவரின் வலையிற் சிக்கிய மீன்களைக் காக்க அவ்வலைக்குள் தானே நுழைய நீமோ இசைவு கேட்கின்றான். கடல் முழுவதும் தேடிக் கண்டெடுத்த மகனை, கண்டெடுத்த சற்று நேரத்திலேயே தந்தை போகவிடவேண்டியிருக்கின்றது. போகவிடுகின்றான். பெருந்துயர்களைக் கடந்துவந்த பெற்றோரின் பிள்ளைகள், நாளாந்தம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துத் தாம் நலமெனச் சொல்லவேண்டியிருப்பதன் பொருளை இக்காட்சி எனக்கு உணர்த்தியது. அவர்களுடைய கண்டிப்புக்குப் பின்னால் நிற்பது பழைய இழப்பொன்றின் அச்சமே.

*

போகவிட்ட பின்னர் எஞ்சுவது நினைவு. ‘கொக்கோ’ (2017) என்னும் படம் மெக்சிக்கோ நாட்டவர் இறந்தோர்க்கென ஆண்டுதோறும் எடுக்கும் நாளை அடிப்படையாகக் கொண்டது. வீட்டிலே இறந்தோரின் படங்களை வைத்து, அவர்கள் விரும்பி உண்டவற்றைப் படைத்து, செவ்வந்தியினத்துப் பூவிதழ்களால் வழியமைத்து அவர்களை வரவேற்கின்றனர். உயிரோடிருப்போருள் ஒருவரேனும் நினைக்கும்வரை இறந்தவர் மறுவுலகில் வாழ்கின்றார். கடைசி நினைவும் அழிந்தால் அவரும் அழிந்துவிடுகின்றார் என்பது கதையின் அடிப்படை. எட்டுச்செலவன்று இறந்தவருக்குப் பிடித்த பதார்த்தங்களைச் சமைத்துப் படைப்பதும், 31 ஆம் நாள் அந்தியேட்டி செய்வதும், ஆண்டுதோறும் திவசங் கொடுப்பதும் மரபாகவுள்ள சமூகத்தினர்க்கு இது அந்நியமான எண்ணமன்று. ஆனால் நம்மிடையே சடங்குகள் ஐயரின் கையிலும் பெரியவர்களின் கையிலுமே இருந்துவிடுகின்றன. பிள்ளைகள் தள்ளி நிற்கின்றனர். ‘கொக்கோ’விலோ நினைவைக் காப்பாற்றுபவன் பன்னிரண்டு வயதுப் பையன். தன்னை மறந்துகொண்டிருக்கும் பூட்டியின் முன்னமர்ந்து, அவளுடைய தந்தை அவளுக்காகப் பாடிய பாட்டை அவன் பாடுகின்றான். நினைவு திரும்புகின்றது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். இப்படங்களை ஆக்கி உலகெங்கும் விற்பவை பெருநிறுவனங்கள். கண்ணீரின் பின்னால் பொம்மை வியாபாரமும் நடக்கின்றது. ‘கொக்கோ’வையே எடுத்துக்கொண்டால், இறந்தோர் நாளின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய டிஸ்னி நிறுவனம் 2013 இல் விண்ணப்பித்தது, எழுந்த எதிர்ப்பின் காரணமாகவே விண்ணப்பத்தை மீளப்பெற்றது. ஒரு மக்களின் நீத்தார் நினைவையே உடைமையாக்க முயன்றவர்கள் நினைவின் அருமையை நமக்குப் போதிப்பதா என ஒருவர் கேட்டால் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. 1971 இற் சிலி நாட்டிலே ஏரியல் டோர்ப்மனும் ஆர்மன் மத்தலாரும் டொனால்ட் டக்கை எவ்வாறு வாசிப்பது என ஒரு நூல் எழுதினர். டிஸ்னியின் படக்கதைகளிற் பெற்றோரே இல்லை. மாமன்மாரும் மருமக்களுமே உள்ளனர். அவற்றினூடே பணத்தின் ஆட்சி இயல்பான ஒன்றாகப் புகட்டப்படுகின்றது என அவர்கள் காட்டினர். 1973 இன் இராணுவப் புரட்சிக்குப் பின்னர் அந்நூலின் பிரதிகள் எரிக்கப்பட்டன.

அக்கண்டனம் இன்றும் வலிமையுடையதே. எல்லாச் சித்திரப் படங்களும் மேற்கூறியவை போன்றவை அல்ல. கனவு கண்டாற் போதும், நினைத்தது நடக்கும் எனப் பொய்யுரைப்பவை ஏராளம். அவை இழப்பைக் காட்டினாலும் இறுதிச் சுருளில் அதை இரத்துச்செய்துவிடுகின்றன; இறந்தவன் ஒரு துளிக் கண்ணீரால் எழுந்துவருகின்றான். நான் எடுத்துக்காட்டிய படங்களை அவற்றினின்றும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. பம்பியின் தாய் திரும்பி வருவதில்லை. எலி திரும்பி வருவதில்லை. செற்சுக்கோவும் திரும்பி வருவதில்லை. விற்பவர் எவராயினும், வரைந்தவர்கள் அவ்விடத்திற் பொய் சொல்ல மறுத்திருக்கின்றனர். நாம் கைக்கொள்ளவேண்டியது அம்மறுப்பையே.

ஆயினும் படம் தன்னளவில் எதையும் கற்பித்துவிடுவதில்லை. பிள்ளையைத் திரையின் முன் இருத்திவிட்டு நாம் எழுந்துபோனால், பனி பொழியும் காட்டில் விடப்பட்ட கன்றின் நிலையே அதற்கும் வாய்க்கும். திரையில் எழுந்த வினாவைப் பிள்ளை திரும்பி ஒருவரிடம் கேட்கவேண்டும். கேட்பதற்கு அங்கு ஒருவர் இருக்கவேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. ஓம் எனச் சொல்லும் துணிவும் உடனிருந்து அழும் மனமும் இருந்தாற் போதும். இப்படங்கள் குடும்பத்தோடு பார்ப்பதற்குரியவை என விளம்பரப்படுத்தப்படுவதற்கு வணிகக் காரணம் வேறு இருக்கலாம். ஆனால் அத்தொடரை நாம் உண்மையாகவே எடுத்துக்கொள்ளுதல் நன்று. இழப்பெனும் பாடத்தைத் தனியே கற்றல் எவருக்கும் அரிது. பிள்ளைகளுக்கு மட்டுமன்று, நமக்குந்தான்.